தெரிந்த முகம், இரண்டாம் தாலி

2024 ஜூன் 20, வியாழக்கிழமை. கள்ளக்குறிச்சி கோமுகி ஆற்றங்கரை மயானத்தில் விறகுக் கட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட உடல்கள் பக்கத்துப் பக்கத்தில் எரிந்தன. எல்லாம் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களின் உடல்கள். அடுத்தடுத்த நாட்களில் கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைகளிலிருந்து மேலும் உடல்கள் வந்தன. சாவு 65-ஐத் தாண்டியது. பெண்களும் இறந்தார்கள் என்றாலும் பெரும்பாலோர் ஆண்கள். மூட்டை தூக்கியும், கொத்தனாருக்குக் கையாளாக நின்றும் அன்றாடக் கூலி வாங்கியவர்கள். சில தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரு பெண் தாலியைக் கழற்றினாள்.

குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் வந்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும் அறிவிக்கப்பட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. சாராயம் காய்ச்சுபவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்க மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஆக, சாவுக்கு அரசாங்கத்திடம் கோப்பு இருக்கிறது. பிழைத்திருக்கும் பெண் இன்னும் முப்பது, நாற்பது வருடம் வாழ வேண்டுமே, அதற்கு என்ன வழி என்பதற்குத்தான் கோப்பு மெலிந்து கிடக்கிறது. இது கருணாபுரத்துக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. சாலை விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி, மேஸ்திரி வேலைக்குப் போன இடத்தில் மின்சாரம் என்று ஏதோ ஒன்றில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் நான்கு கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 38 லட்சம். மனைவியை இழந்த ஆண்களோ நாடு முழுவதும் ஒன்றேகால் கோடி அளவில்தான். பெண்களுக்கு ஆயுள் கூடுதல் என்பது இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். ஆண் மறுபடி கட்டிக்கொள்கிறான், பெண் அப்படியே இருக்கிறாள் என்பது இன்னொன்று.

அப்படியே இருக்காமல் மறுமணம் செய்துகொள்ளும் பெண்களில் பலருக்கு மாப்பிள்ளை தரகர் மூலம் வருவதில்லை. கூடப் படித்தவர், பக்கத்துத் தெருக்காரர், சின்ன வயதில் ஒன்றாக ஆடு மேய்த்த அத்தை மகன் என்று தெரிந்த முகமாகவே இருக்கிறார். பல சமயம் அவரும் மனைவியை இழந்தவராகவோ பிரிந்தவராகவோ இருப்பார்.

ஏன் தெரிந்த முகம்?

முதல் காரணம் பாதுகாப்பு. ஒரு முறை வாழ்க்கை சரிந்து பார்த்த பெண், முன்பின் தெரியாத ஒருவரிடம் பிள்ளைகளோடு போய் நிற்கத் தயங்குவாள். ஆள் குடிப்பாரா, கை நீட்டுவாரா, கடன் உண்டா என்பதெல்லாம் இளவயதுத் தோழர் விஷயத்தில் விசாரிக்காமலே தெரியும். இரண்டாவது, இறந்தவரையும் அவருக்குத் தெரிந்திருக்கும். போனவரைப் பற்றி வீட்டில் பேசலாம், படத்துக்கு மாலை போடலாம், திதி கொடுக்கலாம். இரண்டாம் கல்யாணங்களில் பாதிச் சண்டை இந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்பதில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது காரணம் புதியது. பத்தாம் வகுப்பு 'பேட்ச்' பெயரில் வாட்ஸ்அப் குழு இல்லாத அரசுப் பள்ளி இன்று அரிது. 2018-இல் வந்த '96' படத்துக்குப் பிறகு பழைய மாணவர் சந்திப்பு கிட்டத்தட்ட ஒரு திருவிழாவாகிவிட்டது. அந்தப் படத்தில் பள்ளிக் காதலர்கள் இருவரும் சேரவில்லை; திரைக்கு அது அழகாக இருந்தது.

சேர்ந்தவர்கள் நிலைக்கிறார்களா என்று அமெரிக்காவில் ஒருவர் ஆராய்ந்தார். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பல்கலைக்கழக உளவியல் பேராசிரியை நான்சி காலிஷ், பழைய காதலரையோ தோழரையோ பல வருடம் கழித்து மீண்டும் தேடிப்போன ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் 1990-களில் தகவல் திரட்டினார். ஆய்வு நடந்த காலத்தில் அவர்களில் 72 விழுக்காட்டினர் சேர்ந்தே இருந்தார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் இந்த எண்ணை அப்படியே நம்மூருக்குப் பொருத்த முடியாது. அதோடு, தனியாக இருக்கும் இருவர் சேர்வது வேறு, குடும்பம் உள்ளவர் பழைய ஆளைத் தேடிப்போவது வேறு என்று காலிஷே பிற்பாடு எச்சரித்தார். இளம் வயதில் ஒரே ஊரில், ஒரே மாதிரிச் சூழலில் வளர்ந்தது உறவுக்கு அடித்தளமாகிறது என்பது அவர் முடிவு. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது.

மலையில் ஒரு நியாயம்

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை வளைந்து ஏறுகிறது. மேலே மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் விளைகிற ஊர்கள். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வாரிசுகள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்கிறார்கள்.

இவர்களிடம் கணவனை இழந்த பெண் மறுபடி கட்டிக்கொள்வது பழைய வழக்கம். மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்கிறது. வரதட்சணைச் சுமை இல்லாததால் மறுமணத்துக்கு முதல் தடையும் இல்லை. பிரிவதென்றாலும் சேர்வதென்றாலும் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும், பிள்ளைகள் யாரிடம் என்பதுதான் அங்கே பேச்சு. பெண்ணின் நடத்தை விசாரணைக்கு வருவதில்லை. அத்தை மகன், மாமன் மகன் என்று கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள் சிறு வயதிலிருந்தே ஒன்றாகக் காடு சுற்றியவர்களாக இருப்பதால், தோழமையும் உறவும் ஒரே ஆளிடம் அமைவது சகஜம்.

இதைப் படித்துவிட்டு மலையைச் சொர்க்கமாக நினைத்துவிடக் கூடாது. பிள்ளைகள் தகப்பன் வழிக்குச் சொந்தம் என்பது பல ஊர்களில் இன்னும் கெட்டியான விதி. மறுமணம் செய்துகொள்ளும் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போக நேரும். இளவயதுத் திருமணம் ஒழியவில்லை; ஆகவே இளவயதிலேயே தாலி இழப்பதும் உண்டு. பிழைப்புக்காக ஆண்கள் கேரளம், கர்நாடகம் என்று தோட்ட வேலைக்குப் போகிறார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப்போகும் தரகர்களை நம்பி ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பலர் ஜவ்வாது, சித்தேரி போன்ற மலைகளின் மக்கள். மலைச் சம்சாரங்களில் திடீர்ச் சாவு புதிதல்ல. மறுமண வழக்கம் அங்கே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காடு திருத்த இரண்டு ஆள் வேண்டும்.

பெட்டிச் செய்தி: கல்வராயன்

• கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டு பிரிவு. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது.

• சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் ஜாகிர் முறை ஒழிந்தது. சுதந்திரம் கிடைத்து 29 வருடம் கழித்து.

• கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை.

• விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, வாழ்வாதாரம் என அரசிடம் கேள்விகளை அடுக்கியது.

கீழே வேறு கணக்கு

மலை இறங்கினால் நியாயம் மாறுகிறது. சமவெளியிலும் உழைக்கும் சாதிகள் பலவற்றில் 'அறுத்துக் கட்டுகிற' வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. கொஞ்சம் நிலம், கொஞ்சம் படிப்பு, ஒரு அரசு வேலை என்று குடும்பம் மேலேறியதும் முதலில் கைவிட்டது அந்த வழக்கத்தைத்தான். உயர்ந்த குடும்பம் என்பதற்கு அடையாளமாகப் பெண்ணின் மறுமணத்தை நிறுத்தினார்கள். ஆணின் மறுமணத்தை நிறுத்தவில்லை. மனைவியின் கருமாதி முடிந்த கையோடு ஆணுக்குப் பெண் பார்க்கத் தொடங்குவார்கள். 'பிள்ளைகளைப் பாத்துக்க ஒருத்தி வேணுமே' என்பது அதற்குச் சொல்லும் காரணம். அதே பிள்ளைகளைக் காரணம் காட்டித்தான் பெண்ணைத் தடுக்கிறார்கள்: 'ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு உனக்கென்ன கேடு?'

இதில் மாப்பிள்ளை பழைய தோழர் என்றால் இன்னொரு வம்பும் சேர்கிறது. அப்பவே பழக்கம் இருந்திருக்கும் என்று ஊர் வாய் பேசும். இறந்தவர் உயிரோடு இருந்த காலத்துக்கே சந்தேகம் நீளும். முன்பின் தெரியாதவரைக் கட்டினால் பாவம் என்பார்கள். தெரிந்தவரைக் கட்டினால் திட்டம் என்பார்கள். சாதி வேறாக இருந்துவிட்டால் பேச்சோடு நிற்காது. அதனால் பல ஜோடிகள் கல்யாணத்தை வீட்டுக்குள்ளேயே, நான்கு பேர் மத்தியில், ஒரு மஞ்சள் கயிற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். பத்திரிகை இல்லை, மண்டபம் இல்லை, பதிவும் இல்லை. பதிவு இல்லாததன் விலை பிற்பாடு தெரியும்.

பெட்டிச் செய்தி: இதே மாவட்டத்தில்

உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் திருவிழா. நாடெங்குமிருந்து வரும் திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காக ஆண்கள் சிலரும் கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் அரவான் களப்பலி. தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி. அடுத்த சித்திரையில் மறுபடி தாலி. சாமி காரியத்தில் இந்த மாவட்டம் கைம்பெண்ணின் மறுமணத்தை ஆண்டுதோறும் தேர் இழுத்துக் கொண்டாடுகிறது.

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் இருப்பது கபிலர் குன்று. பாரி இறந்தபின் அவன் மகளை மலையமானுக்கு மணம் முடித்துக் கொடுத்துவிட்டு, அவன் தோழர் கபிலர் தீயில் இறங்கினார் என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. சாவுக்குப் பிறகு ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தும் பொறுப்பைத் தோழன் தோளில் ஏற்றுவது இந்த வட்டாரத்தில் அவ்வளவு பழைய செய்தி.

சட்டம் வந்த வழி

ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856-இல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது. சட்டம் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்தது: மறுமணம் செய்தால் முதல் கணவனின் சொத்தில் உரிமை போய்விடும். தமிழ்நாட்டில் பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தது சுயமரியாதை இயக்கம். இயக்கம் தொடங்குவதற்கு முன்பே, 1909-இல், பெரியார் குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த தன் சகோதரி மகளுக்கு வீட்டார் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். 1929 செங்கல்பட்டு மாநாடு கைம்பெண் மறுமணத்துக்கும் பெண்ணின் சொத்துரிமைக்கும் ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் கணவனின் சொத்தில் கிடைக்கும் பங்கின் மீது மனைவிக்கு முழு உரிமை கொடுத்தது. 1856 சட்டம் 1983-இல் நீக்கப்பட்டது. உறவில் சில கைம்பெண்கள் மறுமணம் செய்தால் பங்கு கிடையாது என்று மிச்சமிருந்த பிரிவும் 2005 திருத்தத்தில் போய்விட்டது. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்ற 1967-ஆம் ஆண்டுத் திருத்தம், ஐயர் வர மறுக்கும் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெரிய துணை. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும்.

பிள்ளை, சொத்து, பென்ஷன்

காதலில் எந்தக் குறையும் இல்லாத மறுமணம் கூட இந்த மூன்றில் ஒன்றில் தட்டி நிற்கும். மாமியார் வீடு மிரட்டுவதும் இவற்றை வைத்துத்தான். மிரட்டலில் பாதி பொய் என்பது பெண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளையைப் பொறுத்தவரை, தகப்பன் இறந்தபின் தாயே இயற்கையான பாதுகாவலர். மறுமணம் செய்வதால் அந்த உரிமை தானாகப் போய்விடாது. தகப்பன்வழித் தாத்தா பாட்டி நீதிமன்றம் போகலாம்; பிள்ளையின் நலனைப் பார்த்தே நீதிமன்றம் முடிவு செய்யும். மறுமணம் செய்த தாய் பிள்ளைக்கு எந்தக் குடும்பப் பெயரை வைப்பது என்று தீர்மானிக்கலாம், தத்துக் கொடுக்கவும் செய்யலாம் என்று 2022 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்னது. பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டாம் கணவர் எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் அவர் சொத்துக்கு அந்தப் பிள்ளை சட்டப்படி வாரிசு ஆகாது. உயில் எழுத வேண்டும், அல்லது முறையாகத் தத்தெடுக்க வேண்டும். மாற்றாந்தந்தை தத்தெடுக்க 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் வழி இருக்கிறது. கல்யாணத்தன்று யாரும் இதைப் பேச மாட்டார்கள். பேச வேண்டிய நாள் அதுதான்.

சொத்தில், கணவன் இறந்த அந்த நொடியில் மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் என அனைவரும் சமபங்கு வாரிசுகள். அதற்குப் பின் அவள் யாரைக் கட்டினாலும் கிடைத்த பங்கு திரும்பிப் போகாது; உச்சநீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. 'தாலி கட்டிக்கிட்டா காணியில காலடி வைக்க முடியாது' என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு கச்சிராயபாளையத்தோடு நிற்கிறது. இந்து திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மலையாளிப் பெண்ணின் சொத்துரிமை, வழக்கம் என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்தது. பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-இலும் உச்சநீதிமன்றம் 2025 ஜூலையிலும் தீர்ப்புகள் வழங்கியிருக்கின்றன. அவற்றை மலைக்குக் கொண்டுபோக வழக்குப் போடும் வசதியுள்ள பெண் வேண்டும். மாற்று வழி, 2006 வன உரிமைச் சட்டம். அதன்படி கொடுக்கும் நில உரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தாக வேண்டும். பத்திரம் வாங்கிய வீட்டில் கைம்பெண்ணின் பிடி இறுகுகிறது. பத்திரம் கிடைக்காத வீட்டில் ஊர்க்கூட்டம் சொல்வதே தீர்ப்பு.

அப்புறம் பென்ஷன். ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். புதுக் குடும்பத்தில் கணவரின் கூலி நிலையானதா என்று தெரியாத முதல் வருடத்தில், கையில் உள்ள உறுதியான ஒரே பணம் வெட்டுப்படுகிறது. ஆகவே தாலியை மறைக்கிறார்கள், பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அபராதக் கட்டணத்துடன் 150 நாள் வரை செய்யலாம். அதுவும் தாண்டிவிடுகிறது. இரண்டாம் கணவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால், அவள் மனைவி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. மத்திய அரசு ஊழியரின் மனைவி குழந்தையில்லாதவராக இருந்தால், மறுமணத்துக்குப் பிறகும், சொந்த வருமானம் வரம்பைத் தாண்டாதவரை, குடும்ப ஓய்வூதியம் தொடர்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குக் காட்டும் இந்தப் பெருந்தன்மை கூலிக்காரர் வீட்டுக்கு இல்லை.

நாற்பது வயதுக் கதவு

1975-இல் தமிழ்நாடு அரசு கைம்பெண் மறுமணத்துக்கு நிதியுதவித் திட்டம் தொடங்கியது. பெயர், டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம். தர்மாம்பாள் தஞ்சாவூர்க்காரர், சித்த மருத்துவர், இந்தி எதிர்ப்புப் போராட்டக்காரர், ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் கொடுத்த 1938 பெண்கள் மாநாட்டை நடத்தியவர்களில் ஒருவர். திட்டத்தில் 8 கிராம் தங்கமும் 25,000 ரூபாயும். பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000. தொகையில் ஒரு பகுதி ரொக்கம், மற்றது தேசிய சேமிப்புப் பத்திரம். வருமான வரம்பு இல்லை. மறுமணமான ஆறு மாதத்துக்குள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

நிபந்தனைகளைப் படித்தால்தான் திட்டம் யாரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பது புரியும். மணமகளுக்கு 20 வயது நிரம்ப வேண்டும். மணமகன் 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆவணங்களோடு திருமண அழைப்பிதழையும் வைக்க வேண்டும். அதாவது, இளம் பெண்ணை இளம் ஆண் ஊரறியப் பத்திரிகை அடித்துக் கட்டிக்கொள்ளும் மறுமணம். 1975-இல் அது புரட்சி. இன்று 38 வயதில் கணவனை இழந்து, துக்கம் ஆறி, பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க வைத்து, தன் வயதே உள்ள பள்ளித் தோழரை 43-இல் கட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. கூடப் படித்தவருக்கும் அவள் வயதுதான் ஆகும் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அழைப்பிதழ் நிபந்தனையோ வீட்டுக்குள் தாலி கட்டியவர்களைத் தள்ளிவைக்கிறது. ஜார்க்கண்ட் அரசு 2024-இல் தொடங்கிய இதே மாதிரித் திட்டத்தில் உதவி 2 லட்சம் ரூபாய்.

2022-இல் தமிழ்நாட்டில் கைம்பெண்கள், ஆதரவற்ற மகளிருக்கென்று தனி நல வாரியம் அமைந்தது. அது எடுக்க வேண்டிய முதல் வேலைகள் மூன்று: மணமகன் வயது வரம்பை நீக்குவது, அழைப்பிதழுக்குப் பதில் திருமணப் பதிவுச் சான்றை மட்டும் கேட்பது, பதிவு செய்த மறுமணத்துக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு உதவித்தொகையைத் தொடர்வது. இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். வயது வரம்பும் அழைப்பிதழும் மாநில அரசு வைத்த நிபந்தனைகள். ஓர் அரசாணையில் நீக்கிவிடலாம். அதுவரை, 40 வயதுக்குள் இருக்கும் ஜோடிகள் ஆறு மாதக் கெடுவைத் தவறவிடாமல், முதல் கணவரின் இறப்புச் சான்று, வயதுச் சான்று, அழைப்பிதழ் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தையோ மாவட்டச் சமூக நல அலுவலகத்தையோ அணுகலாம்.